கூரையை வலம் வந்தவர்

கல்யாணமான பிறகு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடந்த முதல் பெரிய சண்டை ஒரு தகரக் கூரையால் வந்தது. அதுவும் எங்கள் வீட்டுக் கூரைகூட இல்லை. முத்தியால்பேட்டையில் என் அக்கா வீட்டு மாடியில் இனிமேல்தான் போட வேண்டிய கூரை. இல்லாத கூரைக்காக இரண்டு பேர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தோம் என்று நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

நாங்கள் இருவரும் கட்டடங்களுக்குக் கணக்குப் போடும் பொறியாளர்கள். தூண் எவ்வளவு பருமன், கம்பி எத்தனை, போல்ட் எந்த அளவு என்று சொல்வதுதான் பிழைப்பு. ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் கணக்கில் ஒருவர் தப்புக் கண்டுபிடித்து, அந்தப் பழக்கத்திலேயே காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்டோம். வேலை நேரத்தில் நீ, வா, போ என்று பழகிய வாய். அக்கா முன்னால் மட்டும் நான் அவரை "என்னங்க" என்பேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொள்வார். எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அவருக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது, சாமிதான் தெரியும். காலையில் பிள்ளையாரைச் சுற்றி வராமல் காபி டம்ளரைத் தொடமாட்டார்.

அக்கா மாடியில் தையல் வகுப்பு நடத்துகிறாள். வகுப்பு என்று பெயர், உண்மையில் அது பாதி வகுப்பு, பாதிக் கடை. ஜாக்கெட் தைக்கக் கற்றுக்கொள்ள வரும் பெண்கள் கொஞ்ச நாளில் அங்கேயே தைத்துச் சம்பாதிக்கவும் ஆரம்பித்துவிடுவார்கள். மில்லில் இருந்த என் மாமா, அக்காவின் கணவர், மில் மூடிய பிறகு ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். வீட்டை நிமிர்த்தியது அந்த மாடிதான்.

போன புயலில் அந்த மாடிக் கூரை பறந்தது. கூரை என்றால் நாலு இரும்புக் குழாயைக் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, மேலே சரிவாகத் தகரத்தை முடுக்கிய ஒன்று. எங்கள் ஊரில் பாதி மாடிகளில் அப்படித்தான் இருக்கிறது. வெயிலுக்கு நிற்கும், மழைக்கு நிற்கும், காற்று வந்தால் கிளம்பிப் போய்விடும். அக்கா வீட்டுத் தகரம் கிளம்பிப் போய் இறங்கிய இடம் பக்கத்து வீட்டு மாடி.

பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் மீன்பிடிக் குடும்பம். அந்த வீட்டு அண்ணன் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறையிலிருந்து படகில் போகிறவர். அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், விடியலில் அங்கே ஏலத்தில் மீன் எடுத்துவந்து பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பார். குரல் மார்க்கெட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்கும். அவர்களுக்கு ஒரே பெண், நாலாம் வகுப்பு படிக்கிறாள். புயலன்று தகரம் விழுந்தது, அவள் படுத்திருந்த அறைக்கு நேர் மேலே. தண்ணீர்த் தொட்டி உடைந்து படிவழியாகத் தண்ணீர் கொட்டியிருக்கிறது. அதைவிட மோசம், காற்று ஓயும்வரைக்கும் அந்தத் தகரம் மாடித் தளத்தில் இப்படியும் அப்படியும் இழுபட்டுக் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அன்றிலிருந்து கொஞ்சம் பலமாகக் காற்று அடித்தாலே அந்தப் பெண் கட்டிலுக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொள்கிறாள். எவ்வளவு கெஞ்சினாலும் காற்று நிற்கும்வரை வெளியே வருவதில்லை.

அதனால் அக்கா மறுபடியும் கூரை போடப்போகிறேன் என்று சொன்னதும் அண்ணி இடையிலிருந்த சுவரோரமாக வந்து நின்றுவிட்டார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"எம்மா, உங்கக்கா மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. தைச்சுப் பொழைக்கிறா, நல்லாருக்கட்டும். ஆனா அந்தத் தகரத்த திரும்ப மேல ஏத்துனா நான் சும்மா இருக்க மாட்டேன். மேரில போயி எழுதிக் குடுத்துருவேன், ஆமா."

மேரி என்றால் நகராட்சி. பிரெஞ்சுக்காரன் போயும் அந்தச் சொல் போகவில்லை.

"அண்ணி, இந்தத் தடவ நாங்க கணக்குப் போட்டுத் தர்றோம். பறக்காது," என்றேன்.

"போன தடவ போட்டவனும் பறக்காதுன்னுதான் சொன்னான்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். கீழே கூடம் முழுக்கத் தையல் மெஷின். அவற்றுக்கு நடுவில்தான் மாமா படுத்து எழுந்தார். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் நூல் கிடந்தது. தீபாவளி ஜாக்கெட்டுகள் வந்து குவிய ஆரம்பித்திருந்தன, தைக்கும் பெண்களுக்கு உட்கார இடமில்லை. இப்படியே போனால் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள் என்று அக்கா பயந்துகொண்டிருந்தாள். மாமா மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"பாக்டரிக்கெல்லாம் கணக்குப் போடுறீங்களாமே? கூரை ஏறிக் கோழி புடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். மொதல்ல இந்தக் கூரைய ஏறிக் காட்டுங்க பாப்போம்."

அந்தப் பழமொழி என்னைச் சுட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவிட்டோம்.

காற்று கூரையைக் கீழே அமுக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அக்கா வீட்டு மாதிரி, நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் லேசாகச் சரிந்த கூரையைக் காற்று பெரும்பாலும் உறிஞ்சி மேலேதான் தூக்கும். பக்கவாட்டில் உள்ளே புகுந்த காற்று வேறு அடியிலிருந்து முட்டும். தகரத்தின் எடை நேர் கீழே இறங்கும், ஆனால் காற்று அப்படியில்லை. கூரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அந்தச் சாய்வுக்குச் செங்குத்தாக இழுக்கும். இதையெல்லாம் சாஃப்ட்வேருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு இரும்புச் சட்டங்களை வரைந்து, அவற்றின் மேல் கூரையைக் கட்டம் கட்டமாகப் போர்த்தி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இவ்வளவு இழுப்பு என்று கொடுப்போம். கட்டம் போடுவது சின்னப்பிள்ளை வேலை. நாலு மூலைகளை வரிசையாக மவுஸால் தொட வேண்டும், அவ்வளவுதான்.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். தெருப் பக்கச் சரிவு எனக்கு, அண்ணி வீட்டுப் பக்கச் சரிவு அவருக்கு. லேப்டாப் ஒன்றுதான். அவர் கோயிலுக்குப் போன நேரத்தில் நான் என் பாதியை முடித்தேன். நான் மீன் கழுவப் போனதும் அவர் உட்கார்ந்து தன் பாதியை முடித்தார். சாப்பாட்டுக்குப் பிறகு காற்றை ஏற்றிக் கணக்கை ஓடவிட்டோம்.

"வா, வந்து பாரு. எவ்ளோ சமத்தா உக்காந்துருக்கு," என்று கூப்பிட்டார்.

எல்லாத் தூண்களுக்கும் சேர்த்து வந்த கூட்டுத்தொகையில் கூரை கீழ்நோக்கி உட்கார்ந்திருந்தது. காற்று தூக்குவதாகவே தெரியவில்லை. சின்ன போல்ட்டே போதும் போலிருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். உடனே அக்காவுக்கு போன் போட்டோம், அக்கா வெல்டருக்குப் போட்டாள். அன்று சாயங்காலம் கடற்கரையில் நடந்துவிட்டு, சுண்டல் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. போன வருடம் பறந்து போன கூரையும் தகரம்தான், இதுவும் தகரம்தான். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதே மாடி, அதே கடல், அதே காற்று. அது பறந்தது, இது மட்டும் ஏன் சமத்தாக உட்கார்ந்திருக்கிறது? வாய் நுரையோடு ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்தேன். கூட்டுத்தொகையை விட்டுவிட்டு ஒவ்வொரு தூணாகப் பார்த்தேன். தெருப் பக்கத்துத் தூண்கள் எல்லாம் மேலே இழுபட்டன. அண்ணி வீட்டுப் பக்கத்துத் தூண்கள், பெருங்கனத்தை ஏற்றி வைத்த மாதிரி, தரையில் அமுங்கிக் கிடந்தன. ஒரு பாதியைத் தூக்குகிற காற்று மறு பாதியை அமுக்குமா என்ன?

"நீ போட்ட பாதி தப்பு," என்றேன். அவர் அப்போதுதான் விபூதி பூசிக்கொண்டிருந்தார்.

"நான் ஒவ்வொண்ணயும் சரி பாத்துதான் போட்டேன். உன் பாதிய பாரு."

"என் பாதி மேல தூக்குது. காத்து தூக்கத்தான் செய்யும்."

"என்னோடதுலயும் அதே அளவு, அதே பிளஸ் குறிதான் குடுத்துருக்கேன். வந்து பாரேன்."

பார்த்தேன். உண்மைதான். அளவும் குறியும் ஒரு எழுத்து மாறாமல் ஒன்றாகவே இருந்தன. அதில்தான் எனக்குக் கோபம் அதிகமானது. தப்பு கண் முன்னால் நிற்கிறது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை. சாஃப்ட்வேரைத் திட்டினேன், அவரைத் திட்டினேன், அவசரப்பட்டு அக்காவுக்கு போன் போட்ட என்னையும் சேர்த்தே திட்டிக்கொண்டேன். "எதுக்கெடுத்தாலும் என் தலையிலயே கட்டு," என்று சொல்லிவிட்டு அவர் காபிகூடக் குடிக்காமல் வேலைக்குக் கிளம்பிவிட்டார். எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் அதுதான் அதிகபட்சக் கோபம். அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் நாங்கள் பேசிக்கொள்ளாததை எல்லோரும் பார்த்துவிட்டு, ஏதோ பெரிய குடும்ப விவகாரம் என்று நினைத்து எங்களிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பை அவர் முன்னால் நகர்த்தினேன்.

"பேச வேணாம். ஒரே ஒரு கட்டத்த அழிச்சிட்டுத் திரும்ப போட்டுக் காட்டு. நான் வாயே தொறக்க மாட்டேன்."

போட்டார். முதலில் இடது மேல் மூலை. பிறகு வலது மேல். அங்கிருந்து வலது கீழ். கடைசியில் இடது கீழ். மவுஸ் நிதானமாக, பயபக்தியோடு, கட்டத்தைச் சுற்றி வந்தது. அடுத்ததையும் அப்படியே போட்டார். அதற்கடுத்ததையும்.

வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவள் அலறிவிட்டேன். "என்னடா பண்ற நீ? பிரதட்சணமா வர்ற?"

"ஆமா. பின்ன எப்டி சுத்துவாங்க?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். விஷயம் இதுதான். கூரைக் கட்டத்துக்கு ஒரு முகம் உண்டு. அந்த முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் காற்று இழுப்பதாக சாஃப்ட்வேர் எடுத்துக்கொள்ளும். மூலைகளை எந்த வரிசையில் தொட்டோம் என்பதை வைத்துத்தான் முகம் முடிவாகும். வலது கை விரல்களை நாம் சுற்றிய திசையில் மடக்கினால் கட்டைவிரல் முகத்தைக் காட்டும். நான் எப்போதும் இடமாகச் சுற்றுகிறவள். கட்டைவிரல் வானத்தைப் பார்த்தது. அவர் வலம் வந்திருக்கிறார். கட்டைவிரல் தரையைப் பார்த்தது. அலுவலகத்தில் நாங்கள் வரைந்ததெல்லாம் மொட்டை மாடிகள், அங்கே எடை நேர் கீழேதான் இறங்கும், முகம் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான், காற்றை ஏற்றும் வேலை எப்போதும் என்னுடையதாக இருந்தது. அதனால் அவருடைய பக்தி அதுவரை மாட்டிக்கொள்ளவில்லை.

"இடமா சுத்துனா மனசு ஒரு மாதிரி இருக்கும்," என்றார் அவர். "நான் யோசிச்செல்லாம் பண்ணல. கை தானா அப்டிதான் போவுது."

முகத்தைத் திருப்பிப் போட ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் முடிந்தது. ஆனால் நான் விடவில்லை. எல்லாவற்றையும் அழித்து அவரையே திரும்பப் போட வைத்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் இடமாகச் சுற்றினார். சுற்றும்போதெல்லாம் வாய் ஏதோ முணுமுணுத்தது. எல்லாம் முடிந்த பிறகு வெறும் திரையில், ஒன்றுமே இல்லாத இடத்தில், மவுஸை ஒரு முறை பெரிதாக வலமாகச் சுற்றிவிட்டு எழுந்தார். அந்த மனிதரை நான் ஏன் கட்டிக்கொண்டேன் என்று அந்த நிமிடம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சிரிப்பு ஓய்ந்து மறுபடியும் கணக்கை ஓட்டினோம். எல்லாத் தூண்களும் மேலே இழுபட்டன. கூரை மொத்தமாகக் கிளம்பத் துடித்தது. அந்தச் சின்ன போல்ட்டுகளோடு விட்டிருந்தால் அடுத்த புயலில் முதலில் பிய்த்துக்கொள்வது அண்ணி வீட்டுப் பக்கம்தான். என் வீட்டுக்காரர் லேப்டாப்பைத் தள்ளி வைத்தார். "அந்தப் புள்ள கட்டிலு அங்கதான இருக்கு," என்று மட்டும் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கைப்பிடிச் சுவரை நம்புவதில்லை என்று முடிவு செய்தோம். மாடித் தளத்தின் பூச்சை உடைத்து, கீழ் வீட்டுத் தூண் எங்கே இருக்கிறதோ அங்கே தடித்த போல்ட்டுகளை இறக்கி, அதன் மேல் இரும்புத் தூணை நிறுத்த வேண்டும். அப்போது கூரையைப் பிடித்து இழுக்கிற காற்று வீட்டையே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அக்காவிடம் சொன்னபோது, "மொதல்ல சின்ன போல்ட்டுன்னீங்க, இப்ப மாடியவே ஒடைக்கணும்ன்றீங்க. ரெண்டு பேரும் நெஜமாவே படிச்சீங்களா?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரரை அவர் "வாங்க பிரதட்சணம்" என்றுதான் வரவேற்கிறார்.

அடுத்தது அண்ணி. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். அண்ணி அப்போதுதான் மார்க்கெட்டிலிருந்து வந்து குளித்திருந்தார். தலையில் துண்டோடு எங்கள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெண் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

காற்றில் கூரை எப்படி அசையும் என்று படமாக ஓட்டிக் காட்டலாம். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக சாஃப்ட்வேர் அந்த அசைவைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும். இதைச் சொல்ல மறந்துவிட்டு நான் பொத்தானை அமுக்கிவிட்டேன். திரையில் கூரை அலையில் மாட்டிய படகு மாதிரி எகிறிக் குதித்தது. பெண் வீலென்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"அடப்பாவிங்களா!" என்று அண்ணி எழுந்தே விட்டார். "இதையா எந்தலைக்கு மேல கட்டப் போறீங்க?"

"இல்லண்ணி, இல்லண்ணி, இது சும்மா பெருசு பண்ணிக் காட்டுறது," என்று என் வீட்டுக்காரர் பதறிப் போய் அளவைக் குறைத்தார். உள்ளதை உள்ளபடி காட்டச் சொன்னதும் திரையில் கூரை ஆணி அடித்த மாதிரி நின்றது. ஒரு அசைவும் இல்லை.

அண்ணி திரையை உற்றுப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். "இப்ப ஆடவே மாட்டுதே. அப்ப இது பொய்யிதான?"

ஆடினால் பயம், ஆடாவிட்டால் நம்பிக்கை இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவ்வளவு படித்து, இவ்வளவு கணக்குப் போட்டு, எதிரில் இருக்கும் ஒரு தாய்க்கு நம்பிக்கை வரும்படி ஒன்றும் காட்டத் தெரியவில்லை. நாங்கள் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அண்ணி கையை ஆட்டினார்.

"பேப்பர வச்சி நான் இன்னா பண்றது தம்பி? தகரம் வந்தா பேப்பரக் காட்டி நிறுத்த முடியுமா? நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. பொயலுன்னு சொன்னா நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துரணும். எம்பொண்ணு படுக்குற ரூம்புல, அவகூட உக்காந்துருக்கணும். காத்து நிக்கிறவரைக்கும். வருவீங்கன்னா கட்டிக்கோங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஒரு கணம் நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எத்தனையோ கட்டடங்களுக்குக் கணக்குக் கொடுத்திருக்கிறோம், எதன் அடியிலும் புயலில் போய் உட்காரச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "வர்றோம் அண்ணி," என்று நான்தான் முதலில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கணக்கை அடியிலிருந்து முடிவரை மறுபடியும் போட்டோம். காற்று கடலிலிருந்து வந்தால், தெருவிலிருந்து வந்தால், குறுக்கே வந்தால் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஏற்றிப் பார்த்தோம். தாளில் கையாலும் போட்டுச் சரிபார்த்தோம். கூரையின் ஓரங்களில் இழுப்பு அதிகம் என்பதால் அங்கே திருகுகளை நெருக்கி வைத்தோம். வெல்டர் வேலை செய்த நாட்களில் நான் மாடியை விட்டு இறங்கவில்லை. ஒவ்வொரு பற்றவைப்பையும் தட்டிப் பார்த்தேன். "யம்மா, இது மாடி ஷெட்டுதான? நீங்க பாக்குறத பாத்தா ராக்கெட்டு வுடப் போற மாதிரி இருக்கு," என்றார் வெல்டர். ராக்கெட் ஆகாமல் இருக்கத்தான் பார்க்கிறேன் என்று சொன்னேன். தீபாவளிக்கு முன்பே மெஷின்கள் மேலே ஏறின. மாமா கூடத்தில் காலை நீட்டிப் படுத்தார். அக்கா முதல் ஜாக்கெட்டை அண்ணிக்குத்தான் தைத்தாள்.

கார்த்திகையில் கூண்டு ஏற்றினார்கள். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டது, பள்ளிக்கூடங்களுக்கு லீவு என்று செய்தி வந்ததுமே நாங்கள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டோம். அன்று சனிக்கிழமை. மதியத்துக்கு முன்பே வானம் இருட்டிக்கொண்டு வந்திருந்தது. தெருவில் நாய்கூட இல்லை.

கதவைத் திறந்த அண்ணி எங்களை மேலும் கீழும் பார்த்தார். "நெஜமாவே வந்துட்டீங்களா?" என்றார். உள்ளே அண்ணன் கையில் கயிற்றுச் சுருளோடு கிளம்பிக்கொண்டிருந்தார். படகைக் கட்டிவிட்டுக் காற்று அடங்கும்வரை தேங்காய்த்திட்டிலேயே காவல் இருக்க வேண்டும் என்றார். போன புயலிலும் அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு புயலுக்கும் அண்ணி அந்த வீட்டில் பிள்ளையோடு தனியாக இருந்திருக்கிறார். அந்த மார்க்கெட் குரலுக்கும் பயம் உண்டு என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அண்ணன் என் வீட்டுக்காரர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பெண் ஏற்கெனவே கட்டிலுக்கு அடியில் இருந்தாள். நாங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். அண்ணி அங்கேயே சோற்றைக் கொண்டுவந்து வைத்தார். கடலுக்கு யாரும் போகாததால் மீன் இல்லை. கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. வீடே மணந்தது. என் வீட்டுக்காரர் சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டார் என்றதும் அண்ணிக்கு வந்ததே கோபம்.

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ சாப்புடு தம்பி."

"வேணாண்ணி. இன்னைக்குன்னு பாத்து சாமிய நான் பகைச்சுக்க முடியாது," என்றார் அவர், கண்ணை மேலே காட்டி. ரசத்தை ஊற்றிக்கொண்டு குழம்பை மோந்து பார்த்தபடியே முழுத் தட்டையும் காலி செய்தார். அண்ணி சிரித்த சிரிப்பில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனது.

பிறகு காற்று வந்தது. முதலில் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. கரண்ட் போனது. மேலே, அக்கா வீட்டு மாடியில், தகரம் உறும ஆரம்பித்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒவ்வொரு தூணையும் ஒவ்வொரு பற்றவைப்பையும் மனசுக்குள் தொட்டுக்கொண்டிருந்தேன். உறுமல் ஏறும், உச்சத்துக்குப் போகும், இதோ போயிற்று என்று தோன்றும், அப்படியே இறங்கும். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் காட்டாமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "யக்கா, அது பறந்துருமா?"

பறக்காது என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அந்த வீட்டில் அந்தச் சொல்லை ஏற்கெனவே ஒருவன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

"பறக்கத்தான் பாக்கும்டி. காத்து அத தூக்கிக்கிட்டே இருக்கும். போல்ட்டு கீழ புடிச்சிக்கிட்டே இருக்கும். ரெண்டுக்கும் சண்டை. அந்தச் சத்தம்தான் இது."

"யாரு ஜெயிப்பாங்க?"

"போல்ட்டு," என்றார் என் வீட்டுக்காரர், என்னை முந்திக்கொண்டு.

அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் தலைக்கு மேலே மாடியில் தடாலென்று ஏதோ வந்து விழுந்தது. விழுந்து, உருண்டு, சுவரில் மோதியது. பெண் அலறினாள். அண்ணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் எழுந்து படியேறிப் போனார். "போகாத," என்று கத்தினேன், காதில் வாங்கவில்லை. அவர் திரும்பி வருவதற்குள் நான் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுவிட்டேன். அதில் பாதிப் பெயர்களை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருந்தேன்.

சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். கையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி.

"யாரு வீட்டு வாளின்னு தெரியல அண்ணி. நம்ம கூரை ஒரு ஆணிகூட அசையாம நிக்குது."

அண்ணி அந்த வாளியை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "எந்தச் சிறுக்கிடி இத மாடில வச்சிட்டுப் போனவ?" என்று ஆரம்பித்து, பாதியிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்த சிரிப்பு, நிறுத்தவே முடியவில்லை. என்னவென்று பார்க்கப் பெண் கட்டிலுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தாள். வாளியைப் பார்த்தாள். நனைந்த கோழி மாதிரி நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவளும் சிரித்தாள். வெளியே காற்று முன்பைவிடப் பலமாக அடித்துக்கொண்டிருந்தது, அவள் திரும்ப உள்ளே போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மேலே தகரம் உறுமும்போதெல்லாம், "இப்ப சண்ட போடுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கேட்டுக் கேட்டுக் குரல் தேய்ந்து, தலை என் மடியில் சாய்ந்தது.

அண்ணி பிள்ளையின் வாய் திறந்திருப்பதைக் குனிந்து பார்த்தார். "தூங்கிட்டா," என்றார் மெதுவாக. அந்தக் குரல் இவ்வளவு மெதுவாகப் பேசும் என்று எனக்குத் தெரியாது. "காத்துல இவ தூங்கி ஒரு வருஷம் ஆச்சும்மா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கும் அழுகை வந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கட்டடத்துக்கும் அழுததில்லை.

காற்று லேசாகத் தணிந்த மாதிரி இருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அக்கா வீட்டு மாடிப் பக்கம் கை காட்டி, போய்ப் போல்ட்டுகளைப் பார்த்துவிட்டு வரலாமா என்று சைகையால் கேட்டார். எனக்கும் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. கால் வேறு மரத்துப் போயிருந்தது. எழுந்தால் பிள்ளை விழித்துவிடும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தலையை ஆட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.